தினமும் காலையில் வந்த செய்தி: ஒரு சீஷத்துவ உறவின் நிகழ்வு ஆய்வு

22 மாதங்கள் நீடித்த ஓர் ஆவிக்குரிய வழிகாட்டுதலின் பதிவு இது. வழிகாட்டியாக இருந்தவன் நான். வழிநடத்தப்பட்டவர் எங்கள் சபையில் இருந்த ஓர் இளைஞர். அவருடைய சம்மதத்தோடு எழுதுகிறேன். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியோ விட்டோ இருக்கிறேன். அவரைத் தம்பி என்றே குறிப்பிடுகிறேன். அப்படித்தான் கூப்பிட்டேன், இப்போதும் அப்படித்தான்.

வெற்றிக் கதையாக இதைச் சாட்சி நேரத்தில் சொல்ல முடியாது. தோல்விக் கதை என்று ஒதுக்கவும் மனம் வரவில்லை. மற்றவர்களைத் தனியாக உட்காரவைத்து வழிநடத்துகிறவர்கள் இதே குழியில் விழ வாய்ப்பு அதிகம் என்பதால் எழுதிவைக்கிறேன்.

பின்னணி

தம்பிக்கு அப்போது வயது 26. ஞானஸ்நானம் எடுத்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அம்மா ஜெபிக்கிறவர். அப்பா சபைப் பக்கம் வராதவர், ஆனால் மனைவியையும் மகனையும் தடுத்ததில்லை. எங்கள் சந்திப்புகள் தொடங்குவதற்கு எட்டு மாதம் முன்பு அந்த அப்பா மாரடைப்பில் இரவோடு இரவாகப் போய்விட்டார். இதை முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொண்டு என் குறிப்பேட்டில் எழுதினேன். எழுதியதோடு சரி. அடுத்த ஏழு மாதம் அதைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. கீழே வரும் என் மற்ற தவறுகளுக்கெல்லாம் இதுதான் மூத்தது.

எனக்கு 51. சபையில் மூப்பர். அதற்கு முன் நான்கு பேரை இப்படி வழிநடத்தியிருந்தேன். அவர்களில் இருவர் ஊழியத்தில் இருக்கிறார்கள் என்பதைச் சமயம் கிடைக்கும்போதெல்லாம் சொல்லிக்கொள்வேன். மற்ற இருவரைப் பற்றி யாரும் கேட்பதில்லை, நானும் சொல்வதில்லை.

தம்பி தானாகத்தான் வந்தார். ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தோம். "அண்ணா, நான் வளரவே இல்லன்னு தோணுது. நின்ன இடத்துலயே நிக்கிறேன். யாராவது கூட இருந்து சொல்லிக்கொடுத்தா நல்லா இருக்கும்" என்றார். எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். அதில் அவருக்காக எவ்வளவு, எனக்காக எவ்வளவு என்று அன்று பிரித்துப் பார்க்கவில்லை.

முதல் ஏற்பாடு

வாரம் ஒரு முறை, சனிக்கிழமை, ஒரு மணி நேரம். வேத வாசிப்பு, ஜெபம், பாவ அறிக்கை ஆகிய மூன்றையும் பேசுவது என்று வைத்துக்கொண்டோம்.

வாசிப்புக்கு மெக்செயின் அட்டவணையைக் கொடுத்தேன். ஸ்காட்லாந்துப் போதகர் ராபர்ட் மர்ரே மெக்செயின் 1842-ல் தன் சபையாருக்காக வகுத்தது அது. பழைய ஏற்பாட்டை வருடத்துக்கு ஒரு முறையும், புதிய ஏற்பாட்டையும் சங்கீதங்களையும் இரண்டு முறையும் முடிக்கலாம். நாளுக்கு ஏறக்குறைய நான்கு அதிகாரம் வரும். நானே மூன்று முறை முடித்திருந்தேன். தம்பியோ ஷிஃப்ட் வேலை பார்க்கிறவர். அதுவரை ஒரு சுவிசேஷத்தைக்கூட முதலிலிருந்து கடைசிவரை வாசித்ததில்லை. அவரிடம் நாளுக்கு நான்கு அதிகாரம் என்று தாளை நீட்டினேன். எனக்குப் பொருந்திய சட்டை அவருக்கும் பொருந்தும் என்ற நினைப்பு.

அதோடு இன்னொன்றையும் சேர்த்தேன். ஒவ்வொரு நாளும் காலை ஏழு மணிக்குள் எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்ப வேண்டும். வாசித்த பகுதி, மனதில் பட்ட வசனம், அதைப் பற்றித் தன் சொந்த வார்த்தையில் ஒரு வரி. இப்படிச் செய்ததற்குக் காரணம் இருந்தது. முன்பு நான் வழிநடத்திய ஒருவர் குடிப்பழக்கத்திலிருந்து வெளியே வந்தவர். தினமும் ஒருவரிடம் கணக்கு ஒப்புவிப்பது அவரைத் தாங்கிப் பிடித்தது. அவராகக் கேட்டு வாங்கிக்கொண்ட ஏற்பாடு அது. தம்பி கேட்கவில்லை, நானாகக் கொடுத்தேன். அப்போது அந்த வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

முதல் ஆறு மாதம்: கவனித்தவை

வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் அருமையாக நடந்தது. ஏழு மணிக்கு ஒரு நிமிடம் முன்னதாகவே செய்தி வந்துவிடும். உபவாச ஜெபத்துக்கு வந்தார். வாலிபர் கூட்டத்தில் ஒரு நாள் ஜெபத்தை நடத்தினார். போதகர் என்னைக் கூப்பிட்டு, தம்பியிடம் நல்ல மாற்றம் தெரிகிறது என்றார்.

ஆனால் என் குறிப்பேட்டில் வேறு சிலவும் இருக்கின்றன. அவற்றை எழுதிய கையே அவற்றின் பொருளைப் புரிந்துகொள்ளவில்லை.

தம்பியின் ஜெபம் என் ஜெபமாக மாறிக்கொண்டு வந்தது. "பிதாவே, இந்த வேளைக்காக ஸ்தோத்திரம், எங்களை வெறுமையாக்கி உம்மால் நிரப்பும்" என்று நான் தொடங்குவேன். அவரும் அதே வரியில் தொடங்கினார். நான் மூச்சு விடுகிற இடத்தில் அவரும் மூச்சு விட்டார். வாலிபர்கள் இதைக் கேலி செய்தபோது நான் சிரித்தேன்; கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

இரண்டாவது, அவர் என்னிடம் கேட்ட கேள்விகள். முதல் மாதத்தில் ஒன்றிரண்டு வந்தன. நான்காம் மாதத்துக்குள் வாரம் தவறாமல் வந்தன. இந்தப் படிப்பில் சேரலாமா, ஞாயிற்றுக்கிழமை நடக்கிற உறவினர் திருமணத்துக்குப் போகலாமா, ஓர் அலுவலக நண்பரின் நட்பைத் தொடரலாமா, போனிலிருந்து எந்தச் செயலியை நீக்கலாம். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். பதிலோடு ஒரு வசனமும் சேர்த்துக் கொடுத்தேன். "நீ ஜெபித்துப் பார்த்தாயா?" என்று ஒரு முறைகூடத் திருப்பிக் கேட்டதாகக் குறிப்பில் இல்லை.

மூன்றாவது, பாவ அறிக்கை. கோபம், நேர விரயம், போன். திரும்பத் திரும்ப இதே மூன்றுதான். சந்தேகம் வந்ததில்லை, துக்கம் வந்ததில்லை, தேவன்மேல் வருத்தம் என்று ஒரு வார்த்தை வந்ததில்லை. பாவ அறிக்கைக்குக்கூட ஒரு பாதுகாப்பான பட்டியல் உண்டு. அவர் அதைக் கண்டுபிடித்து வைத்திருந்தார். நானும் திருப்தியோடு அதைக் கேட்டுக்கொண்டேன்.

ஏழாம் மாதம்: தெரியவந்தது

ஒரு காலையில் வந்த செய்தியில் ஒரு எழுத்துப்பிழை கண்ணில் பட்டது. "வெளிச்சம்" என்பதில் ஒரு எழுத்து விடுபட்டிருந்தது. இதை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று மேலே தள்ளிப் பார்த்தேன். ஏறக்குறைய பத்து வாரங்களுக்கு முந்தைய செய்தி, பிழை உட்பட அப்படியே திரும்ப வந்திருந்தது. உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்த்ததில் அப்படி இன்னும் எட்டு. பல செய்திகளில் இருந்த வசனம், அந்த நாளின் அட்டவணையில் இல்லாத அதிகாரத்திலிருந்து வந்திருந்தது. இத்தனை நாளாக நான் அந்தச் செய்திகளை வாசிக்கவில்லை, வந்ததா என்று மட்டும் பார்த்திருக்கிறேன் என்பதும் அன்றுதான் எனக்கே தெரிந்தது.

சனிக்கிழமை கேட்டேன். மறைக்கவில்லை. "ரெண்டு மாசமா நான் வேதத்தைத் திறக்கவே இல்லண்ணா. பழசை எடுத்துத்தான் போட்டுட்டு இருந்தேன்."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"நீங்க வருத்தப்படுவீங்கன்னு."

இந்த பதிலில் எல்லாமே இருந்தது. வருத்தப்படப் போகிறவராக அவர் நினைத்தது என்னை. தேவன் அந்த வாக்கியத்தில் இல்லவே இல்லை. நான் அதைக் கவனிக்காமல், என் காயத்தைக் கவனித்தேன். பொய் சொன்னதால் அந்த இடத்திலேயே விழுந்து செத்த அனனியா, சப்பீராள் தம்பதியின் சம்பவத்தை எடுத்துப் பேசினேன். ரட்சிக்கப்பட்டு இரண்டு வருடமே ஆன, அப்பாவை இழந்த ஒருவரிடம் அப்போஸ்தலர் 5-ஆம் அதிகாரம்! "சரிண்ணா, சரிண்ணா" என்று கேட்டுக்கொண்டார்.

அன்று எடுத்த முடிவு: சந்திப்பை வாரத்துக்கு இரண்டாக உயர்த்துவது. கட்டுப்பாடு போதவில்லை என்பதே நோய் என்று நினைத்தேன், அதனால் மருந்தை இரட்டிப்பாக்கினேன்.

ஒரு ஜெபக் குறிப்பு

அதே வாரம் மூப்பர்களின் ஜெபக்கூடுகை. யாருக்காக, எதற்காக ஜெபிக்க வேண்டும் என்று ஜெபக் குறிப்புகள் கேட்டபோது நான் சொன்னேன்: "நான் பார்த்துக்கொண்டிருக்கிற ஒரு வாலிபர், பொய் சொல்லியே ரெண்டு மாசம் ஏமாத்திட்டார். பாரமா இருக்கு. ஜெபிச்சுக்கோங்க." பெயர் சொல்லவில்லை. சனிக்கிழமைதோறும் நான் யாரோடு உட்காருகிறேன் என்பது அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும்.

அதிலிருந்து பதினொன்றாம் நாள், சபையில் ஒருவர் தம்பியின் தோளில் கைபோட்டு, பொய்யின் ஆவி அவரைவிட்டு விலக வேண்டும் என்று தாங்கள் ஜெபிப்பதாக அன்போடு சொல்லியிருக்கிறார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அதில் சந்தேகம் இல்லை.

தம்பி வருவதை நிறுத்திவிட்டார். சந்திப்புக்கும் இல்லை, சபைக்கும் இல்லை. போனை எடுக்கவில்லை. காலைச் செய்தியும் நின்றது. இப்படி நான்கு வாரம்.

அக்காவிடம் போனது

எங்கள் சபையில் வயதான அக்கா ஒருவர் இருக்கிறார். பெண்களை வருடக்கணக்காக வழிநடத்துகிறவர். மேடை ஏற மாட்டார். மூன்றாம் வாரம் அவரிடம் போய் முழுவதையும் சொன்னேன். சொல்லும்போதே என் பக்கத்து நியாயம் தூக்கலாக இருந்திருக்க வேண்டும். முடிக்கும்வரை பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டார்.

"அவன் அப்பா தவறி எத்தனை மாசம் ஆச்சு?"

மனதில் கணக்குப் போட்டு, பதினைந்து பதினாறு என்றேன்.

"அதுல நீ எத்தனை தடவ அவரைப் பத்திக் கேட்ட?"

பதில் இல்லை.

அப்புறம் சாமுவேல் கதைக்குப் போனார். 1 சாமுவேல் 3. இரவில் கர்த்தர் கூப்பிடுகிறார்; பையன் சாமுவேல் மூன்று முறை எழுந்து வயதான ஆசாரியன் ஏலியிடம் ஓடுகிறான், ஏனென்றால் அவனுக்குத் தெரிந்த குரல் ஏலியின் குரல்தான். "மூணாவது தடவதான் அந்தப் பெரியவருக்கே விளங்குச்சு. விளங்கினதும் என்ன பண்ணார்? போய்ப் படுத்துக்கோன்னு அனுப்பிட்டார். கூப்பிட்டா என்ன சொல்லணும்னு ஒரு வரி சொல்லிக்கொடுத்தார், அவ்வளவுதான். கட்டில் பக்கத்துல நாற்காலி போட்டு உக்காந்து, கர்த்தர் என்ன சொல்றார்னு விளக்கம் சொல்லல. நீ நாற்காலி போட்டு உக்காந்திருக்க."

அன்று இரவு மெக்செயின் அட்டவணையின் முன்னுரையை முதல் முறையாக வாசித்தேன். மூன்று முறை முடித்தவன், முன்னுரையைத் தாண்டிக் குதித்திருந்தேன். தன் திட்டத்தால் வரக்கூடிய ஆபத்துகளை அவரே அதில் எழுதிவைத்திருக்கிறார்: வெறும் சடங்காகிப்போவது, சுயநீதி, கவனமில்லாத வாசிப்பு, சுமக்க முடியாத நுகமாகிவிடுவது. நான்கில் மூன்று தம்பிக்கு நேர்ந்திருந்தது. மீதி ஒன்று, சுயநீதி, எனக்கு.

எடுத்த முடிவுகள்

மன்னிப்புக் கேட்பது முதல் வேலை. தம்பிக்குக் கையால் ஒரு கடிதம் எழுதினேன். முதல் வரைவு இரண்டு பக்கம் வந்தது. முக்கால்வாசி என் நோக்கத்தைப் பற்றிய விளக்கம். கிழித்துப் போட்டேன். அனுப்பியதில் நான்கைந்து வரிதான் இருந்தது: நீ என்னை நம்பிச் சொன்னதை நான் வெளியே சொன்னேன், அது தவறு. அப்பாவைப் பற்றி ஒரு நாளும் கேட்கவில்லை, அதுவும் தவறு. இனி காலைச் செய்தி வேண்டாம். நீ வந்தாலும் வராவிட்டாலும் இது உண்மை. வசனம் எதையும் சேர்க்கவில்லை. பழக்க தோஷத்தில் பேனா போகத்தான் பார்த்தது.

மூப்பர்களிடமும் சொன்னேன். இது கடிதத்தைவிடக் கடினமாக இருந்தது. ஒருவர், "பேர் சொல்லலையே பிரதர், ஜெபக் குறிப்புதானே" என்றார். அங்கே கொஞ்ச நேரம் வாக்குவாதம். நீதிமொழிகள் 11:13-ஐ வாசித்தேன்: "புறங்கூறித்திரிகிறவன் இரகசியத்தை வெளிப்படுத்துகிறான், ஆவியில் உண்மையுள்ளவனோ காரியத்தை அடக்குகிறான்." முழங்காலில் நின்று சொன்னாலும் புறங்கூறுதல் புறங்கூறுதல்தான் என்றேன். கடைசியில் ஓர் ஒழுங்குக்கு வந்தோம். சம்பந்தப்பட்டவரின் சம்மதம் இல்லாமல் அவருடைய அந்தரங்கத்தை ஜெபக் குறிப்பாக வைப்பதில்லை. எல்லாரும் முழு மனதோடு ஒத்துக்கொண்டார்கள் என்று சொல்ல மாட்டேன்.

சந்திப்பு முறையையும் மாற்றத் தீர்மானித்தேன். அவர் திரும்பி வந்தால் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை போதும். எதிரெதிரே உட்கார்ந்து நோட்டைத் திறப்பதற்குப் பதில் நடந்துகொண்டே பேசுவது. முகத்தைப் பார்க்காமல் பேசும்போது கடினமானது எளிதாக வரும் என்பதை அக்கா சொன்னார்; சரியாகவே இருந்தது. தம்பியின் சொந்த முடிவுகளில் என் தீர்ப்பைச் சொல்வதில்லை என்றும் எனக்கு நானே கட்டளை போட்டுக்கொண்டேன்.

திரும்பி வந்தபின்

கடிதம் போய் ஒன்பதாம் நாள் வந்தார். நடந்தோம். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.

அப்பா இறந்த மூன்றாம் நாள், துக்கம் விசாரிக்க வந்த விசுவாசி ஒருவர் அம்மாவிடம், "ரட்சிக்கப்படாமலே போயிட்டாரே" என்று சொல்லி அழுதிருக்கிறார். பக்கத்து அறையில் இருந்த தம்பியின் காதில் அது விழுந்திருக்கிறது. அதன்பின் வேதத்தைத் திறந்தால் எந்தப் பக்கத்திலும் அந்தக் கேள்விதான். அப்பா எங்கே? வளரவில்லை என்று ஞாயிறன்று என்னிடம் வந்து சொன்னதன் அடியில் இருந்தது இதுதான்.

"இதை ஏன் என்கிட்ட கேக்கல?" என்றேன். குற்றம்சாட்டிக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான்.

"நீங்க உடனே ஒரு வசனம் சொல்லிடுவீங்கன்னு பயந்தேண்ணா."

ஆதியாகமம் 18:25 அந்த நொடியிலேயே என் நாக்கின் நுனியில் இருந்தது. "சர்வலோக நியாயாதிபதி நீதிசெய்யாதிருப்பாரோ." நல்ல வசனம்தான். அன்று அதை விழுங்கினேன். "எனக்குத் தெரியாது தம்பி" என்றேன். இந்த 22 மாதத்தில் நான் உருப்படியாகச் சொன்ன முதல் வாக்கியம் அதுதான் என்று நினைக்கிறேன்.

அடுத்த இரண்டு சந்திப்புகளில் வேறு சில தெரியவந்தன. அதிகாலை மூன்று மணிக்கு விழிப்பு வந்து அப்புறம் தூக்கமில்லை. உடல் மெலிந்திருந்தது. பிடித்த எதிலும் ஆசையில்லை. பேச்சோடு பேச்சாக, "காலைல எழுந்திருக்காமலே இருந்தா நல்லா இருக்கும்" என்றார். நடையை நிறுத்தி நேராகவே கேட்டேன்: உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வருகிறதா? அப்படிச் செய்துகொள்ளும் திட்டம் எதுவும் இல்லை, ஆனால் இல்லாமல் போனால் பரவாயில்லை என்று தோன்றுவதுண்டு என்றார். இப்படிக் கேட்டால் நாமே அந்த எண்ணத்தைக் கொடுத்துவிடுவோமோ என்று பலர் பயப்படுகிறார்கள். அந்தப் பயத்துக்கு ஆதாரமில்லை. கேட்கப்பட்டதே அவருக்கு ஆறுதலாக இருந்தது என்று பின்பு சொன்னார்.

அந்த வாரமே மருத்துவரிடம் கூடப் போனேன். அம்மாவிடம் என்ன சொல்லலாம் என்று தம்பியிடம் கேட்டு, அவர் சம்மதித்ததை மட்டும் சொன்னோம். மனச்சோர்வு நோய் என்று சொல்லி மருந்தும் மனநல ஆலோசனையும் பரிந்துரைத்தார்கள். மருந்து எடுப்பது விசுவாசக் குறைவாகாதா என்று தம்பிக்கே ஒரு நெருடல். 1 இராஜாக்கள் 19-ஐ வாசித்தோம். போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்த தீர்க்கதரிசி எலியாவைத் தேவதூதன் கண்டிக்கவில்லை. தட்டி எழுப்பி, அடையும் தண்ணீரும் கொடுத்தான், திரும்பவும் தூங்கவிட்டான், இரண்டாம் முறையும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். ஓரேப் மலைக்குப் போனதும், கர்த்தரின் மெல்லிய சத்தத்தைக் கேட்டதும் அதற்குப் பிறகுதான். எனக்கும் அதில் ஒரு நிம்மதி இருந்தது. மருத்துவருடைய வேலையை மருத்துவர் செய்கிறார், நான் நடக்க மட்டும் வந்தால் போதும்.

வாசிப்பு, ஒரு வாரத்துக்கு ஒரு சங்கீதம் என்று சுருங்கியது. புலம்பல் சங்கீதங்களாகத் தேர்ந்தெடுத்தோம். 13-ஆம் சங்கீதத்தில் "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்று தாவீது கேட்கிறார், ஆறு வசனத்துக்குள் துதிக்கு வந்துவிடுகிறார். 88-ஆம் சங்கீதம் அப்படித் திரும்புவதே இல்லை, இருளிலேயே முடிந்துவிடுகிறது. "இது எப்படிண்ணா வேதத்துல இருக்கு?" என்று தம்பி ஆச்சரியப்பட்டார். பல மாதங்களுக்குப் பிறகு வேதத்தைப் பற்றி அவராகக் கேட்ட முதல் கேள்வி. அந்த வாரம் அவரையே ஒரு சங்கீதம் எழுதச் சொன்னேன். இரண்டே வரி எழுதினார்: "கர்த்தாவே, எங்க அப்பா எங்கே? நீர் இன்னும் சொல்லவில்லை." நான் திருத்தவில்லை. என் மூச்சும் என் வரியும் இல்லாமல் அவர் செய்த முதல் ஜெபம் அது.

பதினைந்தாம் மாதம்: வேலை மாற்றம்

வேறு ஊரில் ஒரு வேலை வந்தது. "என்ன பண்ணட்டும்ணா?" என்ற பழைய கேள்வியும் திரும்ப வந்தது.

எனக்கு விருப்பம் இருந்தது. அவர் இங்கேயே இருக்க வேண்டும், இரண்டு வருடத்தில் வாலிபர் ஊழியத்தை எடுத்து நடத்த வேண்டும். இதை மனதில் ஓர் அறையில் பூட்டிவைத்துவிட்டுக் கேள்விகள் மட்டும் கேட்டேன். போனால் எதைவிட்டுப் போகிறாய்? தங்கினால் எதற்குப் பயந்து தங்குகிறாய்? அம்மா என்ன சொல்கிறார்?

ஒரே ஒரு ஆலோசனை சொன்னேன், அதுவும் என்னுடையதல்ல. 16-ஆம் நூற்றாண்டில் கத்தோலிக்கப் புனிதர் லொயோலா இஞ்ஞாசியார் தந்த விதி: ஆத்துமா வறண்டு இருண்டு கிடக்கிற காலத்தில், அதற்கு முன் தெளிவோடு எடுத்த தீர்மானங்களை மாற்றாதே. நாங்கள் புராட்டஸ்டன்ட் சபைக்காரர்கள். இஞ்ஞாசியாரைப் பிரசங்க பீடத்தில் கேட்டதில்லை. ஆனால் அனுபவம் உள்ளவர் சொன்னதை யார் சொன்னால் என்ன? தம்பி நிறுவனத்திடம் அவகாசம் கேட்டார். ஆறு வாரம் கிடைத்தது. தூக்கம் அதற்குள் ஓரளவு சீராகியிருந்தது.

போவது என்று முடிவெடுத்தார். "ஜெபிச்சேன். பெருசா சத்தமெல்லாம் கேக்கல. ஆனா போறதுல சமாதானம் இருக்கு" என்றார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சொல்லவில்லை. வாகனத்தில் பெட்டிகளை ஏற்றிக் கொடுத்தேன்.

விளைவு

மீதி மாதங்களில் போனில் பேசினோம், இரண்டு முறை நேரில் பார்த்தோம். 22-ஆம் மாதம் ஒழுங்கான சந்திப்புகளை இருவரும் பேசி முடித்துக்கொண்டோம்.

இன்று அவர் வேறொரு சபைப் பிரிவில் இருக்கிறார். ஒழுங்குமுறை ஆராதனை, எழுதப்பட்ட ஜெபங்கள், அமைதி. என் ரசனைக்கு ஒத்துவராது. தன் வார்த்தை வராத நாளில் சபையின் வார்த்தை தாங்குகிறது என்கிறார். நாளுக்கு ஒரு சங்கீதம் வாசிக்கிறார், சில நாள் இல்லை. மருத்துவர் சொல்லி, ஏறக்குறைய ஒரு வருடத்துக்குப் பின் மருந்தைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார்கள். யாரையும் அவர் வழிநடத்தவில்லை. எந்தக் கூட்டத்தையும் நடத்தவில்லை. அப்பாவைப் பற்றிய கேள்விக்குப் பதில் கிடைக்கவில்லை. கேள்வியோடு ஜெபிக்கிறார்.

"நல்ல பையனை இழந்துட்டோம்" என்று மூப்பர் ஒருவர் இன்றும் சொல்வார். முழுதாக மறுக்க எனக்கு வாயில்லை. நான் செய்தது அதில் ஒரு பங்கு. ஜெபக் குறிப்பு ஒழுங்கு எட்டு மாதம் நன்றாக நடந்தது, ஒரு முறை வழுக்கியது, திரும்ப எடுத்துக்கொண்டோம்.

இனி மாற்றிச் செய்வது

முதல் மூன்று சந்திப்புகளில் எந்த அட்டவணையும் கொடுக்க மாட்டேன், கேட்பேன். ஒருவர் "வளரவில்லை" என்று சொன்னால், எப்போதிருந்து என்று கேட்பேன். அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் தம்பி முதல் நாளே அப்பாவின் மரணத்தைப் பற்றிப் பேசத் தொடங்கியிருப்பார்.

இரகசியத்தைப் பற்றி முதல் நாளே பேசிவிடுவேன். எது வெளியே போகாது என்பதோடு, உயிருக்கு ஆபத்து, பிறருக்குத் தீங்கு என்று வந்தால் தேவையானவரிடம் சொல்லியே தீருவேன் என்பதையும் சேர்த்து.

தினசரிக் கணக்கு ஒப்புவிப்பைப் பற்றி எனக்கு இன்னும் முழுத் தெளிவில்லை. குடியிலிருந்து வந்தவருக்கு அது கைத்தடி. தம்பிக்கு அது முகமூடி. ஆனால் அந்தச் செய்தி இல்லாமல் இருந்திருந்தால், அந்த எழுத்துப்பிழையும் என் கண்ணில் பட்டிருக்காது. இப்போதைக்கு, கேட்கிறவருக்கு மட்டும், முப்பது நாளுக்கு மட்டும் என்று வைத்திருக்கிறேன். வந்ததை உண்மையாகவே வாசிப்பேன்.

தனி மனித முடிவுகளில் தீர்ப்புச் சொல்வதை விட்டுவிட்டேன். எளிதாக இல்லை. கலாத்தியர் 6-ல் ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கச் சொல்லும் பவுல், மூன்று வசனம் தள்ளி அவனவன் தன்தன் பாரத்தைச் சுமப்பான் என்கிறார். அந்த இரண்டு வசனத்துக்கும் நடுவில் எங்கே நிற்பது என்று ஒவ்வொரு ஆளிடமும் புதிதாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. 1970களில் அமெரிக்காவில் எழுந்த மேய்ப்புப் பயிற்சி இயக்கம் ஒன்றில், வேலை, திருமணம் வரை மேய்ப்பரின் அனுமதி கேட்கும் நிலை வந்தது. அதன் தலைவர்களில் ஒருவரே பின்னாளில் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். முன்பு இதைப் படித்தபோது, அது வேறு ஆட்களின் கதை என்று நினைத்திருந்தேன்.

நான் மாதம் ஒரு முறை அக்காவைப் பார்க்கிறேன். இப்போது வழிநடத்துகிறவர்களின் கதையைச் சொல்வதில்லை. என் பயங்களையும் என் ஆசைகளையும் சொல்கிறேன். அக்கா பெரும்பாலும் கேள்விதான் கேட்பார்.

இந்த வரைவைத் தம்பிக்கு அனுப்பினேன். இரண்டு இடத்தைச் சுட்டிக்காட்டினார். நான்கு வாரம் சபைப் பக்கமே வரவில்லை என்று நான் எழுதியது தவறாம். இரண்டாம் ஞாயிறு வாசல்வரை வந்திருக்கிறார். நான் வாசலில் நின்று எல்லாருக்கும் கைகொடுத்துக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறார். இன்னொன்று, அவருடைய இரண்டு வரிச் சங்கீதம். "நீர் சொல்லமாட்டீர்" என்று என் நினைவிலிருந்து எழுதியிருந்தேன். அவர் பழைய நோட்டைத் தேடியெடுத்துப் படம் பிடித்து அனுப்பினார். "நீர் இன்னும் சொல்லவில்லை" என்று இருந்தது. மேலே திருத்திவிட்டேன்.